ஏணியின் அடி எவருக்கு உரியது? விண்தூக்கிப் புனைவுகளின் பொருளியல் வாக்குறுதி: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

விண்வெளிக்குச் செல்லும் செலவைப் பெரிதும் குறைத்து, பிற கோள்களில் மனிதர் குடியேற வழி திறக்கும் என்பது விண்தூக்கி குறித்த பொருளியல் வாக்குறுதி. இவ்வாக்குறுதியைப் புனைவாக்கிய ஆர்தர் சி. கிளார்க்கின் ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ (1979), கிம் ஸ்டான்லி ராபின்சனின் ‘ரெட் மார்ஸ்’ (1992) ஆகிய நாவல்களை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. கிளார்க்கின் கதைக்களத்துக்கு மூலமான இலங்கை மலைநாட்டின் பெருந்தோட்ட வரலாறு இவ்வாக்குறுதியை அளக்கும் உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது. போக்குவரத்துச் செலவு குறைவதும் அதன் பயன் பகிரப்படுவதும் வேறு வேறு என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: விண்தூக்கி, அறிவியல் புனைகதை, குடியேற்றம், பெருந்தோட்டம், துண்டு முறை, மலையகம்.

முன்னுரை

நிலத்திலிருந்து வானுக்கு ஒரு கோபுரம் எழுப்பலாம் என்னும் கருத்தை உருசிய அறிஞர் கான்ஸ்தந்தீன் சியோல்கோவ்ஸ்கி 1895இல் முன்வைத்தார். கீழிருந்து கட்டுவதைவிட மேலிருந்து வடத்தை இறக்குவதே இயலக்கூடியது என்பதை யூரி அர்த்சுத்தானவ் 1960இல் விளக்கினார். புவியின் நடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், தரையிலிருந்து பார்ப்போருக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அவ்வுயரத்திலிருந்து ஒரு வடத்தைத் தரைவரை இறக்கி, மறுபுறம் எதிரெடை ஒன்றைப் பிணைத்தால், அவ்வடத்தைப் பற்றி ஊர்திகள் ஏறலாம் என்பதே விண்தூக்கியின் அடிப்படை.

இக்கருத்தைப் பொது வாசகரிடம் கொண்டு சேர்த்ததில் பொறியியல் கட்டுரைகளைவிட நாவல்களுக்கே பங்கு மிகுதி. ஆகவே இதன் பொருளியல் வாக்குறுதி எவ்வாறு கற்பனை செய்யப்பட்டது என்பது இலக்கியத் திறனாய்வுக்கும் உரிய வினாவாகிறது.

செலவுக் கணக்கும் அதன் எல்லையும்

ஏவூர்தி தன் எடையின் பெரும்பகுதியை எரிபொருளாகவே சுமந்து செல்கிறது. விண்தூக்கிக்கு அச்சுமை இல்லை. ஒரு கிலோகிராம் பொருளை வடத்தின் வழியே புவிநிலைச் சுற்றுப்பாதை வரை ஏற்றுவதற்கு, ஆற்றல் இழப்பு எதையும் கணக்கிடாவிட்டால், ஏறத்தாழ 13.5 கிலோவாட் மணி ஆற்றல் போதும். இது ஒரு வீடு சில நாள்களில் செலவிடும் மின்சாரமே. விண்தூக்கி பற்றிய நம்பிக்கை முழுவதும் இச்சிறு எண்ணின்மீது எழுப்பப்பட்டது.

ஆயினும் இவ்வெண் இயக்கச் செலவை மட்டுமே காட்டுகிறது. வேண்டிய உறுதியுடைய இழை அத்தனை நீளத்தில் இன்னும் உருவாக்கப்படவில்லை. அது உருவாகும் என்று கொண்டாலும், முதலீடு மிகப் பெரிதாகவும் இயக்கச் செலவு மிகச் சிறிதாகவும் உள்ள அமைப்பு இயல்பாகவே முற்றுரிமையை நோக்கிச் செல்லும். முதல் வடத்தை உடையவர் இரண்டாம் வடத்துக்கான பொருள்களையும் மலிவாக ஏற்றுவார். பிறரோ ஏவூர்தி விலையில் தொடங்க வேண்டும். கட்டணத்தை முடிவு செய்வது செலவு அன்று. உடைமையே என்பது இதனால் பெறப்படும்.

உடைமை வினா கற்பனையானதும் அன்று. கொலம்பியா, எக்குவடோர், கென்யா, இந்தோனேசியா உள்ளிட்ட நிலநடுக்கோட்டு நாடுகள் 1976இல் பொகோட்டாவில் கூடி, தம் நிலப்பரப்புக்கு மேலுள்ள புவிநிலைச் சுற்றுப்பாதைப் பகுதிகள் தமக்கே உரியவை என அறிவித்தன. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை எந்நாடும் விண்வெளியைத் தனதாக்கிக்கொள்வதைத் தடுப்பதால் இக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. எனினும், வானத்தின் மதிப்பில் நிலத்துக்குப் பங்குண்டா என்னும் வினாவை அது எழுப்பிவிட்டது.

கிளார்க்: மலையும் வண்ணத்துப்பூச்சிகளும்

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க், அத்தீவையே ‘தப்ரபேன்’ என்னும் பெயரில் தம் நாவலின் களமாக்கினார். சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் பெயர் மாறி இடம்பெறுகின்றன. நடுக்கோடு கதைக்குத் தேவைப்பட்டமையால் தீவையே தெற்கே நகர்த்திக்கொண்டார். வான்னவர் மோர்கன் என்னும் பொறியாளர் கோபுரம் எழுப்பத் தேர்ந்த மலையுச்சியில் பௌத்த மடம் ஒன்று நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. துறவியர் இடம் தர மறுக்கின்றனர்.

விண்ணளாவிய திட்டம் ஒன்று ஒரு சிறு நிலத்துண்டின் உரிமைமுன் தடைப்பட்டு நிற்பதைக் காட்டியது இந்நாவலின் தலையாய சிறப்பு. மோர்கனின் கணிதத்தால் அத்தடையைக் கடக்க இயலவில்லை. சட்டமும் அவருக்குத் துணைசெய்யவில்லை. தொழில்நுட்பப் புனைவுகள் பலவும் காண மறுக்கும் உண்மையைக் கிளார்க் இங்கே கண்டுள்ளார்.

ஆனால் தாம் எழுப்பிய வினாவை அவர் தீர்த்த முறை கேள்விக்குரியது. வண்ணத்துப்பூச்சிகள் மலையுச்சியை அடையும் நாளில் துறவியர் வெளியேற வேண்டும் என்பது கதையில் வரும் பழைய வாக்கு. செயற்கையாகக் கிளப்பப்பட்ட புயல் ஒன்று அவற்றை உச்சிக்குக் கொண்டு சேர்க்கிறது. துறவியர் மலையை விட்டு இறங்குகின்றனர். கதையமைப்பின் நோக்கில் இது அழகிய முடிச்சவிழ்ப்பு. பொருளியல் நோக்கிலோ இது தப்பித்தல். நிலத்துக்கு வாடகை உண்டா, வருவாயில் தீவு மக்களின் பங்கு யாது, கட்டணத்தை விதிப்பவர் எவர் என்னும் வினாக்கள் பூச்சிகளோடு காற்றில் கரைந்துவிடுகின்றன.

மலையின் உச்சியைக் கண்ட நாவல் அதன் சரிவைப் போதிய அளவு காணவில்லை. சிவனொளிபாதமலையை பௌத்தரும் சைவரும் இசுலாமியரும் கிறித்தவரும் தத்தம் மரபின்படி போற்றுகின்றனர். அதன் அடிவாரமோ தேயிலைத் தோட்டங்களால் சூழப்பட்டது. இராசதந்திரி, துறவி, ஊடகவியலாளர், வங்கியாளர் ஆகியோர் இயங்கும் இந்நாவலின் முதன்மைப் பாத்திரங்களுள் தோட்டத் தொழிலாளர் எவரும் இல்லர். நாவல் வெளிவந்த 1979ஆம் ஆண்டில், சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின் விளைவாக அத்தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தன என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ராபின்சன்: வடத்தின் உடைமையும் வீழ்ச்சியும்

கிளார்க் விட்ட இடத்திலிருந்து ராபின்சன் தொடங்குகிறார். அவருடைய செவ்வாய் வடத்தின் எதிரெடையாக அமையும் சிறுகோளுக்குக் ‘கிளார்க்’ என்றே பெயர். முன்னோடிக்குச் செலுத்திய மதிப்பும் அவருடன் தொடுத்த வாதமும் இப்பெயரில் ஒருங்கே உள்ளன. இந்நாவலில் வடம் இயங்கத் தொடங்கியதும் செவ்வாயின் உலோகங்கள் புவிக்கு இறங்குவது எளிதாகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் செவ்வாய்க்கு வருவதும் எளிதாகிறது. இரண்டையும் ஆள்பவை புவியின் பெருநிறுவனங்கள். மலிவான பாதை விடுதலையைக் கொண்டுவராமல் சுரண்டலை விரைவுபடுத்துகிறது.

2061ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் வடம் அறுக்கப்பட்டு, கோளைச் சுற்றி விழுந்து அழிவை விளைவிக்கிறது. பயன் மட்டுமே தருவதாகச் சொல்லப்பட்ட பொருள் ஆயுதமாக மாறும் இக்காட்சி நாவலின் உச்சம். எனினும் வடத்தின் வீழ்ச்சி உடைமை முறையை வீழ்த்தவில்லை. தொடரின் அடுத்த நாவலில் புதிய வடம் தொங்குகிறது. கருவியை அழித்தல் உறவை அழித்தல் ஆகாது என்னும் அறிவு ராபின்சனிடம் உண்டு. இதில் அவர் கிளார்க்கினும் ஆழ்ந்து செல்கிறார்.

பயணக் கடன் என்னும் அளவுகோல்

போக்குவரத்து மலிவானால் நிகழ்வது யாது என்பதற்குக் கிளார்க்கின் கதைக்களமே வரலாற்றுச் சான்று தருகிறது. மாட்டுவண்டிகளில் கொழும்புக்குச் சென்ற மலைநாட்டுக் கோப்பிக்கு, 1867இல் கண்டிவரை திறக்கப்பட்ட இருப்புப்பாதை புதுவழி ஆயிற்று. பின்னர் தேயிலையும் அவ்வழியே சென்றது. சரக்குச் செலவின் குறைவு தோட்ட உரிமையாளரின் கணக்கில் சேர்ந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியின் கணக்கோ கடனிலேயே தொடங்கியது. கங்காணி தந்த முன்பணமும் வழிச்செலவும் அவர் பெயரில் எழுதப்பட்டன. அவர் வேறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமானால், புதிய தோட்டம் அக்கடனைத் தீர்க்க வேண்டும். கடன் தொகை குறித்த சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. இம்முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. உழைத்து உருவாக்கிய மண்ணில் அவர்களின் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர்.

இவ்வரலாறு கோள் குடியேற்றப் பேச்சுக்கு அயலானது அன்று. செவ்வாய்ப் பயணத்தின் செலவை ஒருவருக்கு ஏறத்தாழ 2 இலட்சம் டாலராகக் குறைப்பதை ஈலோன் மஸ்க் 2016இல் இலக்காக முன்வைத்தார். பணமில்லாதோருக்குக் கடன் கிடைக்கும் என்று 2020இல் குறிப்பிட்டார். அவர் நம்புவது ஏவூர்தியை, விண்தூக்கியை அன்று. ஆயினும் கடன் பற்றிய வினா இரண்டுக்கும் பொது. கடன்பட்டு வந்தவர், மூச்சுக்காற்றையும் நீரையும் வேலையையும் ஒரே நிறுவனத்திடமிருந்து பெறும் இடத்தில், வேலையை விட்டுவிலக இயலுமா? தோட்டத் தொழிலாளிக்கு ஓடிப்போகக் காடாவது இருந்தது. செவ்வாயில் கதவுக்கு வெளியே காற்றே இல்லை.

சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் முதலாக மலையக இலக்கியம் இக்கடனையும் இடப்பெயர்வையும் தொழிலாளியின் பக்கமிருந்து பதிவுசெய்துள்ளது. ஏணியைக் கட்டியவரின் கதையை அறிவியல் புனைவு எழுதியது. ஏணியில் கடன்பட்டு ஏறியவரின் கதைக்கு முன்மாதிரி மலையகத் தமிழில் உள்ளது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதால் வாக்குறுதியின் இரு பக்கங்களும் தெரியவரும்.

முடிவுரை

விண்தூக்கி இயலுமா என்பது பொறியியல் வினா. அதற்கு விடை கூறுவது இலக்கியத்தின் பணி அன்று. இயன்றால் எவருக்குப் பயன் என்னும் வினாவைக் கிளார்க் எழுப்பி, அற்புதத்தால் மூடினார். ராபின்சன் அதைத் திறந்து, கிளர்ச்சியின் வழியே நடத்திச் சென்றார். ஒரு கிலோகிராமை ஏற்றும் செலவு மட்டும் குடியேற்றத்தின் அளவுகோல் ஆகாது. ஏணியின் அடி எவருக்கு உரியது, ஏறுபவரின் கடன் எவரிடம் உள்ளது, ஏறியவருக்கு அங்கே குடியுரிமை உண்டா என்னும் மூன்றும் அதனுடன் சேர்த்து அளக்கப்பட வேண்டும். சிவனொளிபாதமலையின் சரிவில் இம்மூன்று வினாக்களும் ஏற்கெனவே கேட்கப்பட்டவை. தமிழ் அறிவியல் புனைகதை ஆய்வு மலையக இலக்கியத்தையும் தன் எல்லைக்குள் கொள்வதற்கு அதுவே போதிய காரணமாகும்.