கோல் கம்பமும் வீட்டு அட்வான்ஸும்

கால்பந்தை வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது புதிதல்ல. பிரிட்டிஷ் கவுன்சிலும் பிரீமியர் லீக்கும் சேர்ந்து ‘பிரீமியர் ஸ்கில்ஸ் இங்கிலீஷ்’ என்றே ஒரு திட்டம் நடத்தியிருக்கின்றன. இலக்கணம் என்றால் கொட்டாவி விடுகிற பையன், நேற்றிரவு பார்த்த ஆட்டம் என்றால் வாய் திறப்பான். அதுவரை சரி.

சொற்றொடருக்குப் பின்னால் கதை இருந்தால் பாடம் இன்னும் நன்றாக ஒட்டும். 2004 செப்டம்பரில் செல்சியை அதன் சொந்த மைதானத்திலேயே டாட்டன்ஹாம் 0-0 என்று மடக்கியது. எதிரணி பஸ்ஸைக் கொண்டுவந்து கோலுக்கு முன்னால் நிறுத்திவிட்டதாக, தன் நாட்டு வழக்கைச் சொல்லிப் பொருமினார் செல்சியின் போர்ச்சுகல் பயிற்சியாளர் மொரின்யோ. ‘பார்க் த பஸ்’ ஆங்கிலத்தில் நிலைத்தது அப்படித்தான். மொத்த அணியும் கோல் வாசலை அடைத்து நிற்கிற காட்சியைப் பார்த்தவனுக்கு அகராதி வேண்டாம்.

கோளாறு வேறிடத்தில். பொருளைச் சொல்லும் பாடங்கள் பல, இடத்தைச் சொல்வதில்லை. கூட்டம் பத்து மணிக்கு ‘கிக் ஆஃப்’ என்றால் ஆரம்பம். லண்டன் மதுக்கடையில் ‘இட்ஸ் கிக்கிங் ஆஃப்’ என்று யாராவது கத்தினால் அடிதடி. முதல் பொருளோடு நின்றவன், நாற்காலி பறக்கும்போது நோட்டுப்புத்தகத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். பெருத்த ஏமாற்றத்தைச் சொல்லும் ‘சிக் அஸ் எ பேரட்’ பல பட்டியல்களில் இருக்கிறது. இங்கிலாந்திலோ அதைப் பெரும்பாலும் கேலிக்குத்தான் சொல்கிறார்கள். பட்டியலை நம்பி நேர்முகத்தேர்வில் பேசுகிறவனை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

உலகம் முழுவதற்கும் ஒரே பாடம் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரிய வழியில்லை. சொந்தக் கட்சியையே மாட்டிவிடும் பேச்சாளரை நாம் ‘சேம் சைடு கோல்’ போட்டார் என்கிறோம். ஆங்கிலேயருக்கு அது ‘ஓன் கோல்’. நம் மாணவனுக்குக் கருத்தை விளக்கவே வேண்டாம். சொல்லை மாற்றிக்கொடுத்தால் போதும்.

சில தொடர்கள் மைதானத்தை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டன. 2020இல் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் ‘லெவல் பிளேயிங் ஃபீல்டு’, அதாவது இரு தரப்புக்கும் சமமான களம், என்று மல்லுக்கட்டியது மானியத்துக்கும் தொழிலாளர் விதிகளுக்கும். அங்கே புல்லையும் சேற்றையும் விளக்கி ஆகப்போவதில்லை.

ஆட்டமே பார்க்காத மாணவி பாடு இன்னும் மோசம்: ஆங்கிலத்துக்கு முன்னால் கால்பந்தைப் படிக்க வேண்டும். ‘மூவிங் த கோல்போஸ்ட்ஸ்’ என்பதற்கு, இரண்டு கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர் என்று தொடங்குவானேன்? வாடகை பேசி முடித்து, சாவி வாங்கப் போகிற அன்று அட்வான்ஸை இருபதாயிரம் கூட்டுகிற வீட்டுக்காரரைச் சொன்னால் அவளுக்கு விளங்கிவிடும்.