கிளையோடு கிளை தொடும் இடம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு வழியாகக் காட்டழகர் கோயிலுக்கு நடக்கிறவர்களுக்குக் கல்லும் ஓடையும் பார்த்துக் கால் வைப்பதிலேயே கவனம் போய்விடும். கொஞ்சம் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளைக்குள் நுழைந்து பின்னிக் கிடக்கும் உயரத்தில், குச்சியும் இலையுமாகக் கட்டிய உருண்டைக் கூடு ஒன்று கண்ணில் படலாம். சாம்பல் நிற அணிலின் வீடு அது.

அந்தக் கூட்டின் நயமே அது அமர்ந்திருக்கும் இடத்தில்தான். தனித்து ஓங்கிய கம்பீரமான மரம் அணிலுக்கு வேண்டாம். பக்கத்து மரங்களின் உச்சிகள் உரசிக்கொள்ளும் மரமே வேண்டும். மேலே கழுகின் நிழல் விழுந்தால் எந்தப் பக்கமும் பாய்ந்துவிடலாம், தரையிறங்கவே வேண்டாம். ஒரே அணில் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகளும் கட்டிக்கொள்ளும். பிறகு அந்த வால்! உடம்பின் நீளத்துக்குக் குறையாத, வெள்ளி இழையோடிய, புசுபுசுவென்ற வால். கிளை நுனியில் குந்தி அணில் காயைக் கொறிக்கும்போது அது பின்னால் தொங்கி எடையைச் சமன் செய்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இந்த அணில் இல்லை.

இந்தச் சிறு ஜீவன் பெயரால் 1988-இல் ஒரு சரணாலயமே அமைந்தது. மனிதத் தலையீடு அதன் வாழிடத்தை என்ன செய்கிறது என்று ஜே. ஜோஷுவாவும், சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் ஒருகாலத்தில் பாடம் நடத்திய ஏ.ஜே.டி. ஜான்சிங்கும் எழுதிய ஆய்வு 1994-இல் வந்தது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து இந்தக் காடு புலிகள் காப்பகமானது. புலிக்குக் கிடைத்த மரியாதையில் எனக்குக் குறையில்லை. அணிலின் பெயரில் ஒரு காடு என்பதில்தான் தனிச் சுகம்.

இதே காட்டை இன்னொரு கல்வியால் அறிந்தவர்கள் பளியர் பழங்குடியினர். தேனும் கிழங்கும் மூலிகையும் அவர்களுக்கு நாள்தோறும் புழங்கும் பாடம். புதரில் பின்னிக் கிடக்கும் இரண்டு கொடிகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். நூறைக் கிழங்கின் இலை ஐந்து விரல் விரித்தாற்போலப் பிரிந்திருக்கும். வள்ளியின் இலை பிரியாமல் முழுசாக இருக்கும். கொடி சுற்றும் திசையும் ஒன்றுக்கு இடம், மற்றதற்கு வலம். தாவரவியலார் இனம் பிரிப்பதும் இந்த இலையையும் சுற்றையும் பார்த்துத்தான். கடப்பாரை போட வேண்டிய இடத்தைக் கொடியே காட்டிக்கொடுக்கிறது, படிக்கத் தெரிந்தவருக்கு. பளியர்கள் உண்ணும் காட்டுத் தாவரங்களைப் பட்டியலிட்டுத் தாவரவியலார் எழுதிய கட்டுரை 2007-இல் வெளிவந்தது. அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒரு பளியர் பசியோடு மலையேறிச் சோதித்தறிந்த அனுபவம் இருக்கிறது. அதை எழுதுகிறவர்கள் அவர்களையும் ஆசிரியர்களாகவே எண்ண வேண்டும் என்பது என் கட்சி.

1960-களின் தொடக்கத்தில் பளியர்களோடு தங்கி ஆய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் அறிவின் அருமையான ஒரு குணத்தைக் கண்டார். அவரவர் கண்டு பழகியதே அவரவர் அறிவு. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரே உயிருக்கு இருவர் வெவ்வேறு பெயர் சொன்னாலும் ஒருவரை ஒருவர் திருத்தப் போவதில்லை. எத்தனை மென்மையான நாகரிகம்! நம் ஆய்வுக் கருத்தரங்குகளில் கேள்வி நேரத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும்.