கைப்பிடி அரிசியும் கமிட்டி நாற்காலியும்

தென்னிந்தியத் திருச்சபையின் கிராமச் சபைகளில் காணிக்கை பற்றிய பிரசங்கத்துக்குக் குறைவே இல்லை. காணிக்கையை எதற்காக வாங்குகிறோம், வாங்கியதை என்ன செய்வது என்று யார் முடிவெடுக்கிறார்கள் என்ற பேச்சுக்குத்தான் பஞ்சம். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்த சபைத் தலைவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் வேதநாயகம் சாமுவேல் அசரியாவைச் சொல்லலாம். திருநெல்வேலிச் சீமையில், வெள்ளாளன்விளையில், 1874இல் ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அபிஷேகம் பெற்று ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லில், 1945இல் மறையும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். எவ்வளவு ஏழைச் சபையானாலும் தன் ஊழியத்துக்குத் தானே கொடுக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதில் பெரிய நியாயம் இருந்தது. அதற்குள்ளேயே ஒரு பலவீனமும் இருந்தது. அவர் வலியுறுத்திய பழக்கம் நல்லது. ஆனால் கொடுப்பதை உறுப்பினர் தகுதிக்கு அளவுகோலாக்கிய இடங்களில் எல்லாம், அது எதை ஒழிக்க வந்ததோ அதையே வளர்த்துக்கொண்டிருக்கிறது.

இது அசரியா கண்டுபிடித்த பழக்கம் அல்ல. சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென், புதிய சபைகள் தம்மைத் தாமே ஆளவும், தாங்கிக்கொள்ளவும், பரப்பிக்கொள்ளவும் பழக வேண்டும் என்று கொள்கை வகுத்திருந்தார். பனையையும் புஞ்சையையும் நம்பி வாழ்ந்த திருநெல்வேலிக் குடும்பங்கள், கையில் காசு இல்லாவிட்டாலும் கருப்பட்டியும் தானியமும் கொண்டுவந்து ஆலயத்தில் வைத்த காலம் அது. அந்தச் சூழலில் வளர்ந்த அசரியா 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்னின்றார். 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் கே. டி. பால் முதலியவர்களோடு சேர்ந்து தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். ஆட்களும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியர் கையில் என்பதுதான் இந்த முயற்சிகளின் அடிப்படை. மூன்றையும் ஒன்றாகக் கேட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பணத்தை மட்டும் கேட்டிருந்தால் அது வசூல். நிர்வாகமும் கூட வந்ததால்தான் அது விடுதலையாயிற்று. பின்வந்த சபைகள் இந்த மூன்றில் பணத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நிர்வாகத்தைச் சிலர் கையில் விட்டுவிட்டன என்பதே என் வாதத்தின் சாரம்.

நிர்வாகம் ஏன் இவ்வளவு முக்கியம்? 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அசரியா பேசிய பேச்சில் இதற்கு விடை இருக்கிறது. கூடியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேலை நாட்டார். மிஷனரிகள் தங்கள் பொருளையும் உடலையும்கூடக் கொடுத்ததை அந்தப் பேச்சு நன்றியோடு ஒப்புக்கொண்டது. ஆனால் அது போதாது, நண்பர்களாக வாருங்கள் என்று கேட்டது. சம்பளம் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பந்தியில் சமமாக உட்கார முடியாமல் போகிறது என்ற அனுபவம் அதற்குப் பின்னால் இருந்தது. கேட்டவர்களில் சிலருக்கு அது சுருக்கென்று தைத்தது. கொடுப்பவன் நல்லவனாகவே இருந்தாலும், கொடுக்கும் நிலை அவனுக்குத் தரும் உயரம் உறவைக் கெடுத்துவிடும் என்பது அசரியாவின் கணிப்பு. வெளிநாட்டுப் பணத்தை நம்பியிராத சபை வேண்டும் என்று அவர் நின்றது கணக்குப் புத்தகத்துக்காக அல்ல, இந்த உயரத்தைக் குறைப்பதற்காக.

தோர்ணக்கல்லில் இந்தக் கொள்கை கடும் சோதனைக்கு உள்ளாயிற்று. அங்கே திருமுழுக்குப் பெற்றவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்து நிலமற்ற கூலிகள். கூலி தானியமாக வரும், அதுவும் நிச்சயமில்லை. வெட்டி வேலைக்குக் கூலியே கிடையாது. இவர்களிடம் காணிக்கை கேட்பது கொடுமை அல்லவா என்ற மறுப்பு நியாயமானது. பசித்தவன் வீட்டு அடுப்பிலிருந்து எடுத்து ஆலயத்துக்கு வெள்ளையடிப்பதை எந்த இறையியலாலும் அழகாக்க முடியாது. ஆனால் அசரியா அவர்களிடம் தொகை கேட்கவில்லை, பங்கு கேட்டார். அறுப்பின் பண்டிகைக்கு அவர்கள் நெல்லும் சோளமும் கோழியும் கொண்டுவந்தார்கள். ஊர்க் கிணற்றில் நீர் மொள்ளவும் கோயில் வாசலில் நிற்கவும் விடப்படாதவர்கள், தொட்டால் தீட்டு என்று சொல்லப்பட்டவர்கள். அவர்கள் கையால் தொட்ட தானியம் பலிபீடத்தண்டை போய்ச் சேர்ந்தது, அதை ஒரு பேராயர் ஏந்தி ஜெபித்தார். ‘நீ வாங்க மட்டும் பிறந்தவன்’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டவனுக்குக் கொடுப்பவன் என்ற இடம் கிடைத்ததன் மதிப்பைப் படியிலும் மரக்காலிலும் அளக்க முடியாது. கொடுக்க வேண்டாம் என்று இரக்கப்பட்டு விலக்குவதும் அவனைக் கீழே வைப்பதற்கு இன்னொரு வழிதான். இந்த மறுப்புக்கு என் பதில் இவ்வளவே: கேட்டது தவறல்ல, கணக்குப் பார்த்துக் கேட்டிருந்தால்தான் தவறு.

இந்தப் பழக்கம் வேறிடத்திலும் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மிசோரம் நல்ல சாட்சி. அங்கே 1910 முதல் பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். புஹ்ஃபாய் தாம் என்று பெயர். சேர்ந்த அரிசியைச் சபை வாங்கி விற்று ஊழியத்துக்குப் பயன்படுத்துகிறது. மிசோ பிரெஸ்பிட்டேரியன் சபையின் மிஷனரிப் பணிக்கு அது இன்றும் முக்கியமான ஆதாரம். நம் தென்மாவட்டங்களிலும் கைப்பிடி அரிசி உண்டு, உண்டியல் கலயம் உண்டு. இந்த முறையின் பெரிய பலம் அதிகம் பேசப்படுவதில்லை: அரிசிக்குப் பெயர் கிடையாது. பொதுச் சாக்கில் கொட்டிவிட்டால் பொன்னி எது, ரேஷன் அரிசி எது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. கொடுத்தவர் எல்லாரும் கொடுத்தவர்கள்தான், அவர்களுக்குள் பெரிய ஆள் சின்ன ஆள் இல்லை. தெற்கே நடக்கும் அசனம் என்ற சபை விருந்துக்கும் இதே குணம்தான். அரிசி, ஆடு, தேங்காய், விறகு என்று ஆளாளுக்குக் கொடுக்கிறார்கள். பந்தி போட்டதும் கொடுத்தவரும் கொடுக்காதவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். கொரிந்து சபையின் பொதுவிருந்தில் இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்பட்டதற்காகப் பவுல் கோபித்தாரே, அந்தக் கோபத்துக்கு நம் ஊர்க்காரர்கள் செயலில் கொடுத்த நல்ல பதில் அசனம்.

அறுப்பின் பண்டிகை ஏலம் வேறு ரகம். ஆராதனை முடிந்து ஆலயத்துக்கு வெளியே பந்தலில் பொருள்கள் குவிந்திருக்கும். வாழைத்தார், பூசணி, முருங்கைக்காய்க் கட்டு, சேவல், பனங்கிழங்கு, ஒரு தட்டில் நாலு எலுமிச்சம்பழம். ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று மைக்கில் குரல் ஏறும். முதல் காய்ப்பு என்று ஒரு கிழவி கொண்டுவந்து வைத்த கத்தரிக்காயை வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர் சந்தை விலையைப் போல் பல மடங்குக்கு எடுப்பார். உடனே அவர் பெயர் மைக்கில் வரும். கிழவியின் பெயர் வராது. கத்தரிக்காய் அவளுடைய காணிக்கையாக உள்ளே போனது, இன்னொருவருடைய பெருமையாக வெளியே வந்தது. ‘இதெல்லாம் ஒரு சந்தோஷம், யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, பணமும் நல்ல காரியத்துக்குத்தானே போகிறது’ என்பார்கள். சந்தோஷம் உண்மைதான். ஏலத்தில் பிள்ளைகள் சிரிப்பதும் ஊரே கூடி நிற்பதும் சபை வாழ்க்கையின் அழகான பகுதி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர் சொல்லாமல், வென்றவருக்கு ஒரு சீட்டு எண் கொடுத்து அதே ஏலத்தை நடத்திப் பாருங்கள். தொகை குறையுமானால், அதுவரை விற்றுக்கொண்டிருந்தது காயை அல்ல என்று தெரிந்துவிடும்.

ஏலமாவது ஆண்டுக்கு ஒருமுறை. உறுப்பினர் சபைக்குக் கட்டும் சந்தாவான சங்கக் காணிக்கையின் பாதிப்பு ஆண்டு முழுவதும் உண்டு. திருமண்டலத் தேர்தல்களில் சங்கக் காணிக்கையை ஒழுங்காகக் கட்டியவர் பெயர்தான் வாக்காளர் பட்டியலில் ஏறும் என்ற நடைமுறையை அறியாத சபையார் இருக்க முடியாது. தேர்தல் நெருங்கும்போது ஒரே ஆள் பலருடைய பாக்கியையும் சேர்த்துக் கட்டுகிறார் என்ற குற்றச்சாட்டும் கூடவே எழும். சேகரக் கமிட்டி, திருமண்டலப் பெருமன்றம், பள்ளி கல்லூரி நியமனங்கள் என்று இந்தப் பட்டியலின் கை எங்கெல்லாமோ நீள்கிறது. அதனால்தான் சண்டையும் நீள்கிறது. திருமண்டலத் தேர்தல் வழக்குகள் உயர்நீதிமன்றம்வரை போய், ஓய்வுபெற்ற நீதிபதிகள் வந்து நிர்வாகம் பார்க்கும் நிலை தமிழ்நாட்டில் வந்திருக்கிறது. இந்தியர் நிர்வாகம் வேண்டும் என்று ஒரு தலைமுறை போராடி வாங்கியதை இன்னொரு தலைமுறை நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட்டு நிற்கிறது. ‘சந்தா இல்லாமல் உறுப்பினர் பட்டியல் எப்படி வைப்பது? வராதவனும் கொடுக்காதவனும் வந்து ஓட்டுப் போடுவதா?’ என்ற கேள்வி அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. எந்தச் சபைக்கும் ஒரு பதிவேடு வேண்டும். ஆனால் பதிவேட்டுக்குத் திருமுழுக்கும், திடப்படுத்தலும், திருவிருந்தில் பங்கெடுப்பதும் போதும். அவை சபையின் வாழ்க்கையிலிருந்தே வரும் அடையாளங்கள். ரசீது அப்படியல்ல. ஒரு மாதம் நோயில் விழுந்த கூலித் தொழிலாளிக்கு முதலில் தவறுவது ரசீதுதான், விசுவாசம் அல்ல.

இந்தச் சீர்கேட்டுக்கு அசரியாவைப் பொறுப்பாக்கலாமா? நேரடியாக முடியாது. ஆனால் அவருடைய முறையிலேயே ஒரு சரிவு இருந்தது. அவர் கண்டிப்பான தலைவர். கொடுத்தலைச் சீஷத்துவத்தின் ஒழுங்காகவே கற்பித்தார். அதைப் பற்றித் தனியாக ஒரு சிறுநூலும் எழுதினார். ஒழுங்கு என்று வந்தால் மேற்பார்வை வரும், மேற்பார்வைக்குப் பட்டியல் வரும். இன்னொன்று, தோர்ணக்கல்லின் தெலுங்கு தலித் சபைகளுக்கு அவர் வெளியூர்த் தமிழர், படித்தவர், நாடார். வெள்ளைக்கார மிஷனரியிடம் அவர் எடின்பரோவில் கண்ட உயரம் அவருக்கும் அங்கே இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மண்ணோடு கலந்து வாழ்ந்து அவர் அதைப் பெருமளவு கரைத்தார் என்று சொல்லலாம். ஆனால் அது அவருடைய குணத்தால் கரைந்தது, விதிமுறையால் அல்ல. நல்ல மனிதர் இருக்கும்வரை மட்டும் நன்றாக ஓடும் முறையை நல்ல முறை என்று சொல்ல எனக்குத் தயக்கம். ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுலின் உணர்வை அறிக்கையிடச் செய்தார் அசரியா. அது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்திலிருந்து வருவது. அதே அதிகாரத்தில்தான் ஊழியனுக்குச் சபையிடம் வாங்க உரிமை உண்டு என்று பவுல் விரிவாக வாதாடுகிறார். வாதாடி முடித்துவிட்டு, அந்த உரிமையைத் தான் பயன்படுத்தவில்லை என்கிறார். கொடுங்கள் என்று சொல்ல அந்த அதிகாரத்தைத் திறக்கும் நம் பிரசங்கிகள் அதன் கடைசிவரை வாசிப்பதில்லை.

விதவையின் இரண்டு காசுக்கும் இதே கதிதான். மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அந்தக் காட்சி வருவதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். காட்சி முடிந்ததும் அந்த ஆலயம் இடிந்துபோகும் என்கிறார். நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, காணிக்கைப் பை சுற்றிவரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டோம். அவள் கொடுத்ததைப் போற்றுவது சரி. அவளுக்கு அந்த இரண்டு காசு மட்டுமே மிஞ்சும்படி செய்தவர்கள் யார் என்று கேட்பதும் அதே வேதப்பகுதியின் பிரசங்கம்தான்.

ஆகவே காணிக்கையை நிறுத்தச் சொல்லவில்லை. கைப்பிடி அரிசி தொடரட்டும், அசனம் தொடரட்டும், ஏலம்கூடப் பெயரில்லாமல் தொடரட்டும். சங்கக் காணிக்கையை மட்டும் வாக்குரிமையிலிருந்து பிரித்துவிடுங்கள். சேகரத்தின் மாத வரவு செலவை ஆலய வாசலில், எல்லாருக்கும் வாசிக்கும்படி ஒட்டிவையுங்கள். ரசீது வைத்திருக்கும் கிழவனும் வைக்காத கிழவியும் அதைப் பார்த்துக் கமிட்டியில் கேள்வி கேட்கட்டும். இதற்குத் திருமண்டலச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும். திருத்தம் பெருமன்றத்திலிருந்து தானாக வராது. இந்த முறையால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அதைத் தாமாக மாற்றப்போவதில்லை. ஏதாவது ஒரு சேகரக் கமிட்டி முதலில் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். வருகிற அறுப்பின் பண்டிகைக்கு நாள் குறிக்கக் கூடும் கூட்டத்திலேயே அதை உங்கள் சேகரம் எடுத்துக்கொள்ளட்டும்.