கொடி பிடித்துத் தப்பியவர்கள்

உல்லாஸ்நகரிலிருந்து லோக்கல் பிடித்து, குர்லாவில் ஹார்பர் வண்டிக்கு மாறினால் மும்பையின் செம்பூர். இயக்குநர் ஹோமி வாடியாவின் பசந்த் ஸ்டுடியோ அங்கேதான் இருந்தது. காட்டுக்குள் உயிர்தப்ப ஓடும் ஓட்டத்தை இந்திய சினிமாவுக்குப் பழக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. செம்பூருக்கு வருவதற்கு முன்பே, வாடியா மூவிடோனில் 1937-இல் ‘தூஃபானி டார்ஜான்’ எடுத்தார். டார்ஜானாக வந்த ஜான் காவஸ் தேகப்பயிற்சியில் பெயர் பெற்றவர்.

அவர் கொடியைப் பற்றி ஊஞ்சலாடும்போது புஜம் இறுகுவது கண்ணுக்குத் தெரியும். அந்த உடம்பின் கனம் நமக்கு எட்டிவிடுவதால்தான், கொடி அறுந்துவிடுமோ என்று மனசு பதறுகிறது. இன்றைய கம்ப்யூட்டர் காடுகளில் எனக்குக் கிடைக்காதது அந்தப் பதற்றம்தான்.

நடிகை நாடியாவை விட்டுவிட்டு இதைப் பேசவே முடியாது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்தவர். 1935-இல் ‘ஹண்டர்வாலி’யில் சாட்டையோடு குதிரை ஏறினார், 1942-இல் ‘ஜங்கிள் பிரின்சஸ்’ ஆனார். சண்டையும் தாவலும் அவரே செய்தவை, டூப் கிடையாது.

துரத்தல் காட்சியின் சூட்சுமம் எளிது. ஓடுபவரை ஒரு ஷாட், துரத்துபவரை ஒரு ஷாட். ஒவ்வொரு வெட்டிலும் நீளத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள். கேமராவை மெதுவாக ஓட்டிப் படம்பிடித்தால் திரையில் ஓட்டம் வேகமெடுக்கும். ஆனால் ஈரமண்ணில் கால் வழுக்கி, கையூன்றி எழுந்து மறுபடி ஓடும் அந்த ஒரு கணத்தை எடிட்டிங் மேஜையில் உண்டாக்க முடியாது. அதை நடிகர்தான் தர வேண்டும்.