தோற்கிற அணியின் கேலரிப் பேச்சு

பேஸ்பாலில் பந்தும் ஆட்களும் அசைகிற நேரத்தை மட்டும் தனியே கூட்டினால் இருபது நிமிடம்கூடத் தேறாது. மூன்று மணி நேர ஆட்டம் ஒன்றில் உருப்படியாக ஏதாவது நடப்பது ஏறத்தாழ 18 நிமிடம்தான் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை 2013-இல் கடிகாரம் வைத்துக் கணக்குப் போட்டது. மிச்ச நேரம் முழுக்க, பந்தை எறியும் பிட்சர் தொப்பியைச் சரிசெய்வார், மண்ணைக் காலால் தள்ளுவார், எதிரே பந்தைப் பிடிக்கும் கேட்சரோடு தலையாட்டலிலேயே பேரம் பேசுவார். பேட்டர் கையுறைப் பட்டையை அவிழ்த்து மறுபடி ஒட்டுவார். இதை அந்த ஆட்டத்தின் குறை என்று சொல்பவர்கள் உண்டு. கேலரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கோ, அங்கேதான் அவர்களுடைய ஆட்டம் ஆரம்பிக்கிறது. ஜெயிக்கிற அணி என்றால் அந்த இடைவெளிக்குக் கைதட்டலே போதும். தோற்கிற அணிக்குப் பேச்சு வேண்டும்.

அந்தப் பேச்சைச் சுவைக்க 2024-ஆம் ஆண்டின் சிகாகோ தெற்குப் பகுதியை விடப் பொருத்தமான இடம் கிடையாது. அங்குள்ள ஒயிட் சாக்ஸ் அணி அந்த சீசனில் 162 ஆட்டங்களில் 121-ஐத் தோற்றது. 1900-க்குப் பிறகு பெரிய லீகில் எந்த அணியும் ஒரே சீசனில் இவ்வளவு தோற்றதில்லை. முதல் 25 ஆட்டங்களில் 22 தோல்வி. ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட் வரை தொடர்ச்சியாக 21 தோல்வி. இவ்வளவுக்குப் பிறகும் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தவர்கள் வாய் மூடி இருந்திருக்க முடியுமா?

முதலில் இந்தப் பேச்சின் தாளத்தைக் கவனிக்க வேண்டும். 2023 முதல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள் எறியத் தொடங்கியாக வேண்டும். ஆள் இருந்தால் 20 விநாடி; மறு ஆண்டே அதை 18 ஆக்கினார்கள். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக 3 மணி 4 நிமிடம் ஓடியது போய், 2 மணி 40 நிமிடத்தில் முடியத் தொடங்கியது. கேலரிப் பேச்சுக்கு இதோடு சாவுமணி என்றுதான் தோன்றும். பேச்சு சாகவில்லை, கூர்மையானது. பதினைந்து விநாடி ஒரு வாக்கியத்துக்குக் கச்சிதமான அளவு. “போன வாரமும் இவன் இதே மாதிரிப் பந்துக்குத்தான்…” என்று ஆரம்பித்தவர், பிட்சர் காலைத் தூக்கியதும் நிறுத்திவிடுவார். பந்து போய் கேட்சரின் கையுறையில் அறையும். “…ஏமாந்தான்” என்று முடிப்பார். வாக்கியத்தின் நடுவே ஒரு ஸ்ட்ரைக்கே விழுந்துவிட்டது. சொன்னவரும் இழையை விடவில்லை, கேட்டவரும் விடவில்லை. சொல்லப்போனால் அந்தப் பயனிலையைப் பந்தே எடுத்துக் கொடுத்தது.

இன்னொன்று, பேசுகிற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கண் மைதானத்தில், காது பக்கத்து இருக்கையில். எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வரும். இங்கே அது கிடையாது. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் இரண்டு பந்து கழித்துப் பதில் சொல்லலாம். ஒரு இன்னிங்ஸ் கழித்தும் சொல்லலாம். அப்படித் தாமதமாக வரும் பதிலுக்குத் தனி ருசி உண்டு.

ஒரு கட்டத்தை நெருங்கிப் பார்ப்போம். மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறது, ஒரு அவுட்கூட ஆகவில்லை. பேஸ்பாலில் இதைவிட வாகான நிலை கிடையாது. இங்கிருந்து சராசரியாக இரண்டு ரன்னுக்கு மேல் வரும் என்கிறது புள்ளிவிவரம். தோற்றுப் பழகிய கேலரியில் அந்த நேரத்துப் பேச்சு இப்படிப் போகும்:

“எத்தனை வரும்?”

“ஒண்ணும் வராது.”

“இன்னும் ஒரு அவுட்கூட ஆகலையேப்பா.”

“அதனாலதான் சொல்றேன். ரெண்டு அவுட் ஆகியிருந்தா நம்பியிருப்பேன்.”

மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் அவநம்பிக்கை. கொஞ்சம் நின்று கேட்டால் இதற்குள் ஒரு தந்திரம் இருக்கிறது. நல்லது நடக்கும் என்று வாயால் சொன்னால் நடக்காது, கெட்டதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஒருவேளை அது பொய்யாகிப் போகும் என்பது அந்த ஊர்க் கணக்கு. ஒரு பிட்சர் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விட்டுக்கொடுக்காமல் ஏழு இன்னிங்ஸ் போய்விட்டால், அவருடைய சகவீரர்களே அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். பக்கத்தில்கூட உட்கார மாட்டார்கள். அதே நம்பிக்கையைத் தலைகீழாகத் திருப்பினால் இந்த ரசிகர். கரிநாக்கை வேண்டுமென்றே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார். தான் சொன்னது தப்பாகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஜோசியம் சொல்கிறவர்களை வேறெங்கும் பார்க்க முடியாது.

கட்டம் தொடர்கிறது. முதல் பேட்டர் மூன்றாவது ஸ்ட்ரைக்கை மட்டையை அசைக்காமல் வேடிக்கை பார்க்கிறார். அவுட்.

“சும்மா நின்னுட்டானே!”

“நின்னதே நல்லது. சுத்தியிருந்தா டபுள் பிளே.”

அடுத்த பேட்டர் வருகிறார். முதல் பந்திலேயே பலமாகச் சுற்றுகிறார். பந்து தரையோடு உருண்டு நேராக ஷார்ட்ஸ்டாப்பின் கைக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டாவது பேஸுக்கு, அங்கிருந்து முதல் பேஸுக்கு. ஒரே பந்தில் இரண்டு அவுட். மூன்று ஆள் நின்ற இடத்தில் ஒரு ரன்னும் இல்லாமல் இன்னிங்ஸ் முடிகிறது. சுற்றிலும் முனகலும் முழக்கமும். முதலாமவர் ஒரு வாய் பீர் குடித்துவிட்டு, நிதானமாக ஒரே ஒரு சொல் சொல்கிறார்:

“சுத்தினான்.”

இதுதான் உச்சம். கோபமாகவோ நக்கலாகவோ ஒரு அடைமொழி சேர்த்திருந்தாலும் கெட்டிருக்கும். நண்பர் ஒரு நிமிடம் முன்பு சொன்ன வாக்கியத்தின் ஒரு துண்டை மட்டும் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுக்கிறார். “நீ சொன்னது பலித்தது”, “நீ ஏன் அதைச் சொன்னாய்”, “இவனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது” என மூன்றும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

இந்தப் பேச்சுக்குப் பேசாத கூட்டாளி ஒருவரும் உண்டு. மடியில் ஸ்கோர் அட்டையும் காதில் பென்சிலுமாக வந்திருக்கும் மூத்த ரசிகர். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ‘கே’ என்ற எழுத்து, மட்டையைச் சுற்றாமலே அவுட் ஆனால் அதே எழுத்து முகம் திருப்பி நிற்கும். டபுள் பிளேயை 6-4-3 என்று எழுதுவார்: ஷார்ட்ஸ்டாப் 6, இரண்டாவது பேஸ்மேன் 4, முதல் பேஸ்மேன் 3. மேலே சொன்ன அத்தனை வயிற்றெரிச்சலும் அவர் அட்டையில் ஒரு திரும்பிய எழுத்தும் மூன்று எண்களுமாக முடிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டுவார். அட்டைக்காரர் தலையை ஆட்டுவார். அதுவும் உரையாடல்தான்.

வைவதுபோல் புகழ்வதும் புகழ்வதுபோல் வைவதும் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று நம் இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. அதில் இரண்டாவது வகைக்குக் கேலரியில் பஞ்சமில்லை. பிட்சர் வரிசையாக இரண்டு பேட்டர்களை வாக் கொடுத்து பேஸுக்கு அனுப்பிவிடுகிறார். அதன் பிறகு ஒருவழியாக ஒரு பந்து ஸ்ட்ரைக் ஆகிறது. உடனே மொத்தக் கூட்டமும் எழுந்து, கோப்பை ஜெயித்துவிட்ட உற்சாகத்தோடு கைதட்டும். அந்தக் கைதட்டலைக் காட்டிலும் ஏச்சே மேல் என்று பிட்சருக்குத் தோன்றும். ஒயிட் சாக்ஸின் மைதானத்தில் இந்தக் குறும்பு இசையிலும் இருந்தது. 1970 முதல் 2010 வரை அங்கே ஆர்கன் வாசித்த நான்சி ஃபாஸ்ட், ஆடவரும் வீரரின் பெயருக்கோ அன்றைய செய்திக்கோ பொருந்தும் பாட்டாகத் தேடிப்பிடித்து வாசிப்பார். எதிரணி பிட்சரை அடித்து வெளியேற்றினால் அவருக்கு வழியனுப்புப் பாட்டு வாசிக்கும் வழக்கத்தை 1977-இல் நிலைநாட்டியவரும் அவரே. என்ன பாட்டு என்று கண்டுபிடித்தவர் முதலில் சிரிப்பார், பக்கத்தில் இருப்பவர் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரிப்பார். கேலரிப் பேச்சுக்குச் சொல்லே இல்லாத ஒரு வரி அது.

ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு பேச்சு வேறு திசைக்கு நழுவுவதிலும் ஒரு நளினம் உண்டு. 2024-இல் அந்த மைதானத்தில் ‘கேம்ப்ஃபயர் மில்க்‌ஷேக்’ என்று ஒரு பானம் பிரபலமானது. சாக்லேட்டும் சுட்ட மார்ஷ்மெல்லோவும் கிரகாம் பிஸ்கட்டும் சேர்ந்தது. ஆறாவது இன்னிங்ஸில் ஒன்பது ரன் பின்தங்கிய நிலையில், வரிசையில் நின்று அதை வாங்கி வந்தவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “இந்த வருஷம் வாங்கினதுல உருப்படி இது ஒண்ணுதான்” என்பார். பானத்தைப் புகழ்ந்ததாகவும் ஆயிற்று, வீரர்களை வாங்கிப் போட்ட நிர்வாகத்தை ஒரு குட்டுக் குட்டியதாகவும் ஆயிற்று. பேச்சு எவ்வளவு தூரம் மேய்ந்தாலும் கயிறு மைதானத்தில்தான் கட்டியிருக்கிறது.

சில நாட்களில் ஆட்டமே ரசிகர்களின் கற்பனையை மிஞ்சிவிடும். மே 23 அன்று பால்டிமோர் ஓரியோல்ஸோடு நடந்த ஆட்டம் அப்படி. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒயிட் சாக்ஸ் துரத்திக்கொண்டு வந்து 8-6 வரை நெருங்கிவிட்டது. ஒரு அவுட், முதல் இரண்டு பேஸிலும் ஆள். பேட்டர் பந்தை உயரே தூக்கிவிட்டார். அந்த நிலையில் உள்வட்டத்துக்குள் உயரப் போகும் எளிய பந்துக்கு, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பேட்டர் அவுட் என்பது விதி. அதோடு நிற்கவில்லை. இரண்டாவது பேஸில் இருந்தவர் ஷார்ட்ஸ்டாப்பின் வழியில் குறுக்கிட்டார் என்று அம்பயர் அவரையும் அவுட் கொடுத்தார். ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பிடித்தேவிட்டார் என்பது வேறு விஷயம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பந்தில் இரண்டு பேர் அவுட், ஆட்டம் முடிந்தது. இப்படிப்பட்ட நாளில் கேலரியில் முதலில் வருவது கோபம் அல்ல, “என்ன ஆச்சு?” என்ற கேள்வி. பிறகு விதி தெரிந்தவர் ஒருவர் விளக்குவார். விளக்கி முடித்ததும்தான் கோபம் வரும். தோல்வியைப் புரிந்துகொள்வதற்கே ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது.

பழைய காயங்களை எடுத்துக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வது இந்தப் பேச்சின் இன்னொரு இழை. இளைஞன் புலம்ப ஆரம்பித்தால், “1970-ல 106 ஆட்டம் தோத்தோம், அப்ப நீ பொறக்கவே இல்ல” என்பார் பெரியவர். அவரையும் மடக்க ஒருவர் இருப்பார். 1962-இல் முதன்முதலாக ஆடவந்து 120 தோல்வி கண்ட நியூயார்க் மெட்ஸின் கதையை அவர் எடுப்பார். அந்த அணியின் மார்வ் த்ரோன்பெரி பந்தை அடித்துவிட்டு மூன்றாவது பேஸ் வரை ஓடி நின்றார். அவர் இடையில் ஒரு பேஸை மிதிக்காமல் தாண்டிவிட்டார் என்று அம்பயர் அவுட் கொடுத்தார். மேலாளர் கேஸி ஸ்டெங்கல் சண்டைக்குக் கிளம்ப, ‘வேண்டாம், இன்னொரு பேஸையும்தான் மிதிக்கவில்லை’ என்று தடுத்துவிட்டார்களாம். இந்தக் கதையைச் சொல்லும்போது யாரும் வருத்தப்படுவதில்லை. அறுபது ஆண்டுகளாகக் கைமாறி வந்ததில் தோல்வி தேய்ந்து போய் வேடிக்கை மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்றைய வயிற்றெரிச்சலும் ஒருநாள் அப்படி ஆகும் என்று பேசுகிறவர்களுக்குத் தெரியும். ஆகவே நடந்துகொண்டிருக்கும்போதே கதைக்கு வேண்டிய விவரங்களைச் சேகரித்துக்கொள்கிறார்கள்.

2024 செப்டம்பர் கடைசியில் நடந்தது அந்தச் சேகரிப்பின் சிகரம். மெட்ஸின் 120-ஐத் தொட்டுவிட்டு ஒயிட் சாக்ஸ் ஊர் திரும்பியது. 121-ஆவது தோல்வியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றே ஒரு கூட்டம் 24-ஆம் தேதி வந்தது. எட்டாவது இன்னிங்ஸ் வரை எல்லாம் எதிர்பார்த்தபடிதான் நடந்தது. பிறகு ஒயிட் சாக்ஸ் மூன்று ரன் எடுத்து 3-2 என்று ஜெயித்துவிட்டது. மறுநாளும் ஜெயித்தது, அதற்கு மறுநாளும் ஜெயித்தது. ஆண்டு முழுக்க வெற்றியைக் கேட்டவர்களுக்குத் தோல்வி கொடுத்த அணி, தோல்வியைப் பார்க்க வந்தவர்களுக்கு அதையும் கொடுக்க மறுத்தது. சாதனைத் தோல்வி 27-ஆம் தேதி டெட்ராய்ட்டில் போய் விழுந்தது. அன்றிரவே டெட்ராய்ட் அணிக்குப் பத்தாண்டுக்குப் பிறகு பிளே-ஆஃப் இடம் உறுதியானது.

அந்த வாரம் சிகாகோ கேலரியில் எழுந்த கோஷம் ‘அணியை வித்துடு’ என்பது. உரிமையாளரைப் பார்த்துச் சொன்னது. ஜெயித்தால் ‘நாங்கள்’, தோற்றால் ‘அவர்கள்’ என்று பேசுவதே ரசிகர் இயல்பு என்று உளவியலாளர் ராபர்ட் சியால்டினி அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்து 1976-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். தோற்றே பழகிய கேலரியில் அந்தக் கோடு வேறிடத்தில் விழுகிறது. “நாம இந்தப் பிட்சரை அடிக்கவே மாட்டோம்” என்பவர், அடுத்த மூச்சில் “அவங்க செலவு பண்ண மாட்டாங்க” என்பார். தோல்வி நம்முடையது, நிர்வாகம்தான் அவர்களுடையது. வெற்றியில் பங்கு கேட்க யாராலும் முடியும். 121 தோல்வியிலும் தன் பங்கை விட்டுக்கொடுக்காமல் வைதுகொண்டே இருப்பவருக்குத்தான் அணி சொந்தம். இந்தப் பேச்சின் நயங்கள் எல்லாம் அந்த உரிமையிலிருந்து ஊறுகின்றன. அக்கறையற்றவர்களின் கேலியில் இந்தக் கச்சிதம் வராது.

ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நாளைக்கு யார் போடறா?” பேஸ்பாலில் தொடக்க பிட்சர் நாளுக்கு நாள் மாறுவார், வழக்கமாக ஐந்து பேர் சுற்றில் இருப்பார்கள். ஆகவே நாளைய ஆட்டம் நிஜமாகவே வேறு ஆட்டம். அந்த ஆண்டு ‘கேரட் க்ரோஷே’ என்று பதில் வந்தால் முகம் மலரும். மனிதர் 209 பேட்டர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர். “அப்ப ரெண்டுக்கு சைபர்ல தோப்போம்” என்று உடனே அடுத்த வரியும் வரும், ஏனென்றால் அவ்வளவு நன்றாக எறிந்தவருக்கே சீசன் கணக்கு 6 வெற்றி, 12 தோல்வி. அந்த டிசம்பரில் அவரை பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த சீசனுக்கான பேச்சு அன்றைக்கே தொடங்கிவிட்டது.