தராசுக்கு இந்தப் பக்கம்

நம் கதைகளில் விவசாயி எல்லாமும் செய்வார். உழுவார், விதைப்பார், வானத்தைப் பார்ப்பார், கடன் வாங்குவார், பங்காளியோடு சண்டை போடுவார், கடைசியில் நிலத்தை இழப்பார். விற்க மட்டும் மாட்டார். நான் வாசித்த அளவில், விளைந்ததைக் கூடையில் வைத்துக்கொண்டு, ‘எவ்வளவு சொல்லலாம்?’ என்று மனசுக்குள் கணக்குப் போடும் ஒரு விவசாயியைத் தமிழ் நாவலில் பார்ப்பது அபூர்வம். 1942இல் வந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நிலத்தில் பங்கு கேட்கும் பெண்ணின் கதை. ராஜம் கிருஷ்ணனின் ‘சேற்றில் மனிதர்கள்’ தஞ்சை வயலில் கூலிக்கு நிற்கிறவர்களின் கதை. இரண்டுமே எனக்குப் பிடித்தவை. ஆனால் வரப்புக்கு அப்பால், மூட்டை வண்டியேறிய பிறகு நடப்பது பெரும்பாலும் கதைக்கு வெளியே போய்விடுகிறது. அங்கே வியாபாரி ஒருவன் இருக்கிறான், கெட்டவன், அவ்வளவுதான்.

இது நாவலாசிரியர்கள் கண்டுபிடித்த பழக்கம் இல்லை. திருக்குறளில் உழவு அதிகாரத்தின் பத்துக் குறளையும் எடுத்துப் பாருங்கள். ஏர் உண்டு, எரு உண்டு, புழுதி காய விடும் கணக்குகூட உண்டு. விலை இல்லை. வாணிகம் செய்பவனுக்கான புத்திமதி நடுவுநிலைமை அதிகாரத்தில் தனியாக இருக்கிறது. உழுகிறவன் வேறு, விற்கிறவன் வேறு என்ற பிரிவு நம் மனசில் அவ்வளவு ஆழம்.

சினிமாவில் இது இன்னும் கூர்மை. ‘கத்தி’ (2014) மாதிரிப் படங்களில் விவசாயி என்பவர் ஒரு கூட்டம். ஹீரோ பேசும்போது பின்னால் கண் கலங்கி நிற்க வேண்டியவர். அவற்றை விட்டுவிடலாம். மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ (2022) அந்த வகை இல்லை. நல்லாண்டி என்ற அசல் விவசாயியை நடுவில் வைத்து, அவசரப்படாமல் எடுத்த படம். தேசிய விருதுக்குத் தகுதியான படம்தான். அதிலும் மாயாண்டி விளைவிக்கும் நெல் குலதெய்வத்துக்குப் போகிறது. சந்தைக்கு வராத நெல் என்பதால்தான் அதன்மேல் அந்தப் புனிதமான வெளிச்சம் விழுகிறது. படத்தை வீட்டில் போட்டபோது என் பெரியம்மா முழுசாக உட்கார்ந்து பார்த்தார். மயில் செத்த இடத்தில் அழுதார். முடிந்ததும் கேட்டது ஒரே கேள்வி: “எல்லாம் சரி, கைச்செலவுக்கு அந்தப் பெரியவரு இன்னா பண்றாரு?”

பெரியம்மா அப்படிக் கேட்கக் காரணம் உண்டு. அவர் உழவர் சந்தையில் கடை போடுகிறவர்.

உழவர் சந்தையும் ஒரு கதைதான் என்று எனக்குத் தோன்றும். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் கருணாநிதி முதல் சந்தையைத் திறந்தார். அதற்கு முன்னால் பஞ்சாபில் 1987இல் ‘அப்னி மண்டி’, அதே 1999இன் தொடக்கத்தில் ஆந்திரத்தில் ‘ரைத்து பஜார்’ வந்திருந்தன. இங்கே இரண்டே ஆண்டுக்குள் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. 2001இல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் கவனிப்பாரில்லாமல் கிடந்தன. பிறகு மறுபடி உயிர் வந்தது. திட்டத்தின் கதைச்சுருக்கம் நம் நாவல்களின் கதைச்சுருக்கமேதான்: உழவர் நல்லவர், இடைத்தரகர் கெட்டவர், இடைத்தரகரை எடுத்துவிட்டால் உழவரும் நுகர்வோரும் முகத்தோடு முகம் பார்ப்பார்கள்.

இதில் உண்மை இல்லை என்று சொல்லவில்லை. கடைக்கு வாடகை இல்லை, தராசு அரசாங்கம் தருகிறது. அன்றன்றைய விலையைக் காலையில் பலகையில் எழுதுகிறார்கள். மொத்த விலையைவிட மேலே, வெளிக்கடையின் சில்லறை விலையைவிடக் கீழே. மண்டியில் கமிஷன் பிடித்துக்கொண்டு, ‘கழிவு’ என்று கிலோக் கணக்கில் தள்ளி, மிச்சத்துக்குத் துண்டுச்சீட்டு வாங்கி வந்த குடும்பங்களுக்கு அந்தப் பலகை சின்ன விஷயம் இல்லை.

ஆனால் தரகர் என்பவர் வெறும் வில்லன் இல்லை, அவர் ஒரு வேலை. தரம் பிரிப்பது, சுமப்பது, காத்திருப்பது, கூவுவது, சில்லறை மாற்றி வைத்திருப்பது, வாடியதை எப்போது தள்ளிவிடுவது என்று தெரிந்திருப்பது. போதாததற்கு, மகள் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ராத்திரியோடு ராத்திரியாக முன்பணம் தருவதும் அவர்தான். அந்த முன்பணம்தான் கயிறு என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆளை நீக்கினால் வேலை மறைந்துவிடாது. அது யார் தலையிலாவது வந்து உட்காரும். யார் தலையில் என்று திட்டத்தின் கதை சொல்வதில்லை.

எங்கள் ஊர் படவேடு. ஜவ்வாது மலையடிவாரம், ரேணுகாம்பாள் கோயில், சம்புவராயர் கோட்டை என்று ஊரைச் சொல்வார்கள். ஊருக்குள் வந்தால் கண்ணில் படுவது வாழை. வாழையில் விற்பது என்ற வேலையே அனேகமாக இல்லை. வியாபாரி தோப்புக்கு வருவார், தாரைத் தட்டிப் பார்ப்பார், விலை சொல்வார், அவர் ஆளே வெட்டி ஏற்றிக்கொள்வார். பெரியப்பாவுக்கு அது வசதியாக இருந்தது. ‘எனக்குப் பேரம் பேச வராது’ என்பதை ஒரு பெருமையாகவே சொல்வார். விவசாயி என்றால் விற்கத் தெரியாதவர் என்ற இலக்கிய லட்சணத்தை அவர் எந்த நாவலும் படிக்காமலே கற்றிருந்தார்.

வாழைக்கு ஊடாகவும் கிணற்றோரத்திலும் கத்தரி, வெண்டை, அரைக்கீரை போட ஆரம்பித்தது பெரியம்மா. அதைத் தோப்பு வியாபாரி சீந்த மாட்டார். அடையாள அட்டை வாங்கப் பெரியம்மா நடந்த நடையை நான் கூடவே இருந்து பார்த்தேன். சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து வேண்டும். அப்புறம் அதிகாரி நிலத்துக்கு வந்து, நீ சொன்ன பயிர் உன் நிலத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனை நியாயம்தான்; இல்லாவிட்டால் மண்டிக்காரரே உழவர் வேஷத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஆனால் அட்டை நிலத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது, நிலம் பெரியப்பா பெயரில் இருக்கிறது. ஆக, ‘உழவர்’ அவர். பெரியம்மா அவருடைய குடும்பத்தில் ஒரு படம். வாரத்துக்கு நிலம் பிடித்துப் பயிர் வைக்கிற பக்கத்து வீட்டு அக்காவுக்கு நிலக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் எதுவும் நகராது. மலை மேலே வனத்தை ஒட்டிச் சாமையும் பரங்கியும் போடுகிறவர்களிடம் கேட்டால் முதலில் பட்டா கதையே ஒரு மணி நேரம் ஓடும். யார் உழவர் என்பதைப் பயிர் முடிவு செய்வதில்லை.

அட்டை வந்த பிறகுதான் அசல் பாடம். கீரையை முதல் நாள் சாயங்காலம் பிடுங்கி, கட்டு கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். விடியுமுன் பஸ். சீக்கிரம் போகிறவருக்கு வாசல் பக்கம் இடம்; மூலையில் உட்கார்ந்தால் கூட்டம் வரும்போது பையெல்லாம் நிறைந்திருக்கும். ஊரில் பெரியம்மா கூறு கட்டித்தான் பழக்கம். கண் அளவில் ஒரு கூறு, பத்து ரூபாய், வருகிறவர் முகத்தைப் பார்த்து இரண்டு காய் கூடப் போடலாம். இங்கே கிலோ. தராசு முள்ளைப் பத்துக் கண் பார்க்கும். “ஏம்மா, பலகைல முப்பதுன்னு போட்ருக்கு, நீ முப்பத்தஞ்சு சொல்ற?” “அது சொத்தைக்கும் சேத்து போட்ட வெலைக்கா, இது காலைல பறிச்சது, ஒடச்சிப் பாரு.” இப்படிப் பதில் சொல்ல அவருக்கு ஆறு மாதம் ஆனது. பலகை விலைக்கு மேலே விற்கக் கூடாது என்று தெரிந்தே சொல்லிப் பார்ப்பது, கடைசியில் முப்பதுக்கே கொடுத்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டு அந்த அம்மாவை மறுவாரமும் வரவைப்பது! இதற்கெல்லாம் உழவு அதிகாரத்தில் குறள் கிடையாது.

ஆனால் தொண்டை நாட்டின் பழைய பாட்டு ஒன்று இதை அறிந்திருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். பறவை எழும் நேரத்தில் எழுந்து தயிர் கடைகிறாள், சும்மாட்டில் பானையை வைத்து மோர் மாற்றப் போகிறாள், மோருக்குக் கிடைத்த தானியத்தில் சுற்றத்தைச் சாப்பிட வைக்கிறாள். நெய்க்கு மட்டும் கணக்கு வேறு. பொன்னைத் தந்தாலும் வாங்க மாட்டாள். எருமையும் பசுவும் கன்றுமாகவே வாங்குவாள். தினச்செலவுக்கு எது, முதலுக்கு எது என்று பிரித்து வைத்திருக்கிற புத்தி அது. புலவர் அவளுக்காகக் கண்ணீர் விடவில்லை, அவளைத் தெய்வமாக்கவும் இல்லை. அவள் விற்பதை நின்று பார்த்திருக்கிறார். அகநானூற்றின் 140ஆம் பாட்டில் அம்மூவனார் காட்டும் உப்பு விற்கும் பெண்ணும் அப்படித்தான். நெல்லுக்குச் சமம் உப்பு என்று தெருவில் கூவும் அந்தக் குரலிலிருந்துதான் பாட்டின் காதலே நகர்கிறது. இந்தப் பார்வை நம் நவீன உரைநடையில் எங்கே அறுந்தது என்பது என் கேள்வி. ‘விவசாயியின் துயரம்’ ஒரு பொருளாக நிலைபெற்றபோது, விற்பது துயரத்துக்குப் பொருந்தாத காரியமாகிவிட்டது என்று நினைக்கிறேன். பேரம் பேசுகிறவரைப் பார்த்து அழுவது கஷ்டம்.

நஷ்டம் இலக்கியத்துக்கு மட்டும் இல்லை. விற்பதை ஒரு தொழிலறிவாகப் பார்த்திருந்தால், அந்தக் காலை மூன்று மணியையும் பஸ்ஸையும் தலைச்சுமையையும் யாராவது கூலியாக எண்ணியிருப்பார்கள். வீட்டுக் கணக்கில் அது இல்லை. பெரியப்பா உரம், உழவு, ஆள் கூலி எல்லாம் நோட்டில் எழுதுவார். சந்தை என்ற வரியில் வரவு மட்டும் இருக்கும்.

ஆடி மாதம் பெரியம்மா சந்தைக்குப் போவதில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் ரேணுகாம்பாள் கோயிலுக்கு வரும்போது தெருவோரம் சாக்கு விரித்து உட்கார்ந்துவிடுவார். அங்கே அட்டை கேட்பதில்லை, பலகையும் இல்லை. எலுமிச்சம்பழமும் வாழைப்பழமும் கூறு கட்டியே விற்கும். மற்ற மாதங்களில், ஒன்பது மணிக்கு மேல் சந்தை காலியாகும்போது மிஞ்சின கீரைக்கட்டுகளோடு பக்கத்து மெஸ் வாசலில் போய் நிற்பார். மெஸ்காரர் பாதி விலை கேட்பார். பெரியம்மா பஸ்ஸுக்கு நேரமானதைக் காட்டிக்கொள்ளாமல் சாக்கை மெதுவாக மடிக்க ஆரம்பிப்பார்.