விம் தொகுப்பிக்குச் செருகுநிரல் மேலாளர் தேவையா?

விம் என்பது பிராம் மூலெனார் உருவாக்கி 1991 இல் வெளியிட்ட உரைத்தொகுப்பி ஆகும். அதனுடன் வராத வசதிகளைப் பயனர்கள் செருகுநிரல்களாகச் சேர்த்துக்கொள்கின்றனர். அவற்றை நிறுவவும் இற்றைப்படுத்தவும் நீக்கவும் உதவும் கருவியே செருகுநிரல் மேலாளர். புதிதாக விம் கற்பவர் முதலில் இதைத்தான் நிறுவ வேண்டும் என்று கூறப்படுவதுண்டு. இக்கூற்று முழுவதும் சரியன்று.

ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. முன்பு எல்லாச் செருகுநிரல்களின் கோப்புகளும் பிளகின், சின்டாக்ஸ், டாக் ஆகிய கோப்புறைகளில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஒன்றை நீக்க, எந்தக் கோப்பு எதனுடையது என்று தேட வேண்டும். டிம் போப் எழுதிய பேத்தோஜன் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை தந்து இத்தொல்லையைத் தீர்த்தது. 2016 செப்டம்பரில் வெளியான விம் 8 அவ்வசதியைத் தன்னுள்ளேயே கொண்டுவந்தது. பேக் கோப்புறையின்கீழ் விருப்பமான பெயரில் ஒரு கோப்புறை அமைத்து, அதனுள் ஸ்டார்ட் என்ற கோப்புறையில் செருகுநிரலை வைத்தால், விம் தொடங்கும்போது அது தானே ஏறும். ஆப்ட் என்ற கோப்புறையில் வைத்தால் பேக்ஆட் கட்டளை இட்டால் மட்டுமே ஏறும். நீக்குவதற்கு அதன் கோப்புறையை அழித்தால் போதும். மூன்று நான்கு செருகுநிரல்கள் வைத்திருப்பவருக்கு இதற்குமேல் ஒரு கருவி வீண் சுமையே. மேலாளரும் யாரோ எழுதிப் பராமரிக்கும் இன்னொரு செருகுநிரல்தானே!

ஆனால் நூலகத்தில் புத்தகம் அடுக்குவது வேறு, இருப்புப் பதிவேடு வைப்பது வேறு. விம் 8 அடுக்குகிறதே தவிர, எது எங்கிருந்து வந்தது, எந்தப் பதிப்பு என்று குறித்துவைப்பதில்லை. விம்-பிளக் என்ற மேலாளர் பல செருகுநிரல்களை ஒரே நேரத்தில் இற்றைப்படுத்துகிறது, மாறியதைக் காட்டுகிறது, தற்போதைய பதிப்புகளை ஒரு கோப்பில் எழுதித் தருகிறது. கடைசியில் சொன்னதே இவற்றுள் மதிப்பு மிக்கது. செருகுநிரல் பயனருக்குரிய எல்லா அனுமதிகளுடனும் இயங்கும் நிரல். அது கோப்புகளைப் படிக்கவும் அழிக்கவும் இயலும். ஆகவே, முப்பது செருகுநிரல்களை ஒரே கட்டளையில் மாற்றும் வசதி ஆபத்தும்கூட. விம்-பிளக் மாற்றங்களைக் காட்டுவதும் இற்றைப்படுத்திய பின்னரே.

கிட் அறிந்தவர்கள் துணைக்களஞ்சியங்கள் வழியே பதிப்புகளைக் குறித்துக்கொள்ளலாம். இதற்காகவே ஒரு மாணவர் கிட் கற்க வேண்டும் என்பது பொருந்தாது. ஈமாக்ஸ் 2012 இல் வெளியான 24 ஆம் பதிப்பிலும், நோட்பேட்++ 2018 இல் வெளியான 7.6 பதிப்பிலும் மேலாளரைத் தம்முடனேயே வழங்கின. விம் 8 அந்த வழியில் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.